போன மாதத்து எண்

தொழிற்சாலைகளுக்கு நாங்கள் மாதந்தோறும் அனுப்பிய படிவம் இளம்பச்சை நிறத்தில் ஒரே ஒரு தாள். அதில் நான்கு கேள்விகள்தான் முக்கியமானவை. இந்த மாதம் எவ்வளவுக்கு விற்றீர்கள், எவ்வளவு சரக்கு ஆலை வாசலைத் தாண்டி வெளியே போனது, எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது, மாதத்தின் கடைசி நாளில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள். தீப்பெட்டி செய்பவரும் சவர்க்காரம் செய்பவரும் நெசவாலைக்காரரும் இதே தாளில்தான் பதில் எழுதவேண்டும். அடுத்த மாதம் பத்தாந் திகதிக்குள் அது எங்கள் கந்தோருக்கு, அரசாங்கப் புள்ளிவிபர அலுவலகத்துக்கு, வந்துசேர வேண்டும். வந்த தாள்களைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. கொழும்புக் கோட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கடற்காற்றுக்குத் தாள் பறக்காமல் இரும்புத் துண்டு ஒன்றைப் பாரமாக வைத்துக்கொண்டு, பல வருடங்கள் அதைச் செய்தேன்.

எனக்குத் திகதிகளில் சிறு வயதிலிருந்தே பைத்தியம். மழை தொடங்கிய நாள், பஸ் கட்டணம் கூடிய நாள், வெள்ளவத்தையில் எந்தக் கடை எந்தக் கிழமை பெயர்ப்பலகை மாற்றியது எல்லாம் என் குறிப்புக் கொப்பிகளில் இருக்கின்றன. ஆனால் இதில் வருடத்தைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆலை எது என்று கொட்டாஞ்சேனையில் இன்னும் இருக்கிற சிலருக்குத் தெரிந்துவிடும். சுதந்திரம் கிடைத்து முப்பது வருடமளவில், வெளிநாட்டுத் துணி தாராளமாக வந்து இறங்கத் தொடங்கிய காலம் என்றால் போதும். எண்களையும் எழுத மாட்டேன். நான் எழுதிய எண்ணை ஒருமுறை நம்பியவர்கள் பட்டது போதும்.

அந்தத் தாள்களை நான் விரும்பினேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. பிஸ்கற் ஆலையிலிருந்து வருவதில் வனிலா மணக்கும். ஒரு சப்பாத்துத் தொழிற்சாலை முதலாளி, குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒவ்வொரு மாதமும் "தோல் இல்லை" என்று மட்டும் எழுதுவார். ஒரு மாதம் "தோல் வந்தது, ஆள் இல்லை" என்று எழுதியிருந்தார். நாடு எப்படிப் போகிறது என்பதைப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னதாக அறிந்துகொள்கிறவன் நான் என்று எனக்கொரு செருக்கு இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பற்றரி விலை கூடிவிட்டது என்று அலுத்துக்கொண்டால், ஏன் கூடியது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கந்தோர் இரகசியம்.

என் அக்கா கொட்டாஞ்சேனையில் கலியாணம் செய்திருந்தாள். நாங்கள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில். நான் கலியாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன். அத்தான் களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நெசவாலையில் தறிப் பகுதி மேற்பார்வையாளர். பதினெட்டு வயதில் அங்கே கூலியாகப் போய்ச் சேர்ந்து, தறி ஓடும் சத்தத்திலேயே காது பாதி மந்தமாகி, வீட்டிலும் சத்தமாகவே கதைக்கப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டில்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு.

இனி, படிவம் வராவிட்டால் என்ன செய்வோம் என்பதைச் சொல்லவேண்டும்.

பக்கத்து மேசையில் மருதானைக்காரர் ஒருவர் இருந்தார். முஸ்லிம், என்னைவிட எட்டு வயது மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், பத்தாந் திகதி கடந்தும் ஐந்தாறு ஆலைகளின் தாள் வராததைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டேன்.

"வரல்லயா? போன மாசத்து எண்ணப் போடு" என்றார் நானா, நிமிர்ந்தும் பார்க்காமல். "பென்சில்ல போடு. தாள் வந்த பொறகு அழிச்சிட்டு மையில எழுது."

"வராவிட்டால், நானா?"

"வராட்டி அடுத்த மாசமும் அதையே போடு. பூட்டின கடைக்கு முன்னால நிண்டு கத்தவா ஏலும்?"

வழக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓர் ஆலையின் தபால் பிந்தியதற்காக அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் மொத்தத் தொகை விழும். மேலே இருப்பவர்கள் நாட்டின் தொழிலே விழுந்துவிட்டதாக நினைப்பார்கள். பிற்காலத்தில் வாசித்தபோது, பெரிய நாடுகளிலும் இப்படி நிரப்புகிறார்கள் என்று அறிந்தேன். ஆனால் அங்கே நிரப்பிய எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இடுகிறார்கள். எங்களுக்கு அடையாளம் பென்சில்தான். அதை அழித்தவன் நான்.

எங்கள் தலைமை எழுத்தர், பிரதம லிகிதர், மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர், கெட்ட மனிதர் அல்ல. அவருக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கவேண்டும். என் பதிவேட்டை ஒருநாள் விரித்து, பென்சில் தேய்ந்து கரி படிந்த பக்கத்தைக் காட்டி, "மல்லி, இது அரசாங்கப் பதிவேடா, பள்ளிக்கூடக் கொப்பியா?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி. பக்கத்து மேசைகள் சிரித்தன. எழுத்துச் சுத்தத்தில் எனக்கு மிஞ்சி ஆளில்லை என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய அவமானம். அன்றிலிருந்து எல்லாவற்றையும் மையால் எழுதினேன். தாள் வந்ததும் மை, வராததும் மை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரே எண் மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் மேலதிகாரியின் மேசையிலிருந்து மஞ்சள் துண்டு ஒன்று வரும், "மாற்றமில்லாமைக்கு விளக்கம் தருக" என்று. விளக்கம் எழுதவேண்டும், ஆலைக்கு நினைவூட்டல் அனுப்பவேண்டும், அதற்கும் பதில் வராவிட்டால் அனுமதி வாங்கி நேரில் போய்ப் பார்த்துவரவேண்டும். நான் அதற்குச் சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்தேன். போன மாதத்து எண்ணில் மூன்றைக் கூட்டுவேன். அடுத்த மாதம் ஐந்தைக் குறைப்பேன். அதற்கடுத்த மாதம் நாலைக் கூட்டுவேன். சரக்கு வெளியே போன கட்டத்திலும் கொஞ்சம் கூட்டிக் குறைப்பேன். பார்ப்பதற்கு உயிருள்ள ஆலைபோலவே இருக்கும். மஞ்சள் துண்டு வருவது நின்றது. பிரதம லிகிதர் என் புத்தகத்தைப் புதிதாக வந்தவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்.

அத்தானின் ஆலைத் தாள் ஜூலை மாதத்தில் வரவில்லை. முகவரி எழுதி உறையில் இடுகிறவனே நான் என்பதால், எது அவருடைய ஆலை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒகஸ்டிலும் வரவில்லை. போன மாதத்து எண்ணைப் போட்டேன், மையால், இரண்டைக் கூட்டி.

ஆலையில் ஏதோ நடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இதைத்தான் நான் பல வருடம் எனக்குள்ளேயே ஒத்துக்கொள்ளவில்லை. செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வாங்கிய சட்டையோடு கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். அத்தான் வாசலிலேயே சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து உருட்டிப் பார்த்தார்.

"எங்கை வாங்கினது?"

"புறக்கோட்டையிலை."

"ஜப்பானோ, தாய்வானோ?"

"தெரியாது அத்தான். மலிவு."

"மலிவுதான். கசங்காது, சுருங்காது, வேர்வையும் குடியாது. போட்டுக்கொண்டு திரி, உள்ளுக்குள்ளை அவிஞ்சுபோவாய்."

"விடுங்கோவன், வந்ததும் வராததுமா" என்று அக்கா குசினியிலிருந்து சத்தம்போட்டாள். "நீங்கள் நெய்யிற துணியிலை நானே சீலை கட்டுறேல்லை."

அத்தான் சிரித்தார். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"ஒரு கரைத் தறி முழுக்க நிண்டுபோச்சு மச்சான். மூண்டு மூண்டு பேராக் கூப்பிட்டு, வீட்டை போங்கோ, தேவையெண்டால் சொல்லி அனுப்புறம் எண்டுறாங்கள். கடிதம் கிடிதம் ஒண்டும் இல்லை. கிட்டங்கி நிறையத் துணி. லொறி வாறதைக் கண்டு எத்தினை நாள்."

"எப்பயிலையிருந்து?"

"ஏன், உன்ரை கந்தோருக்குத் தெரியாதே? நாட்டிலை ஆர் தும்மினாலும் உங்களுக்குத் தெரியுமெண்டு சொல்லுவாய்."

"படிவம் வந்தால்தான் தெரியும், அத்தான்."

"நான் சொல்லுறன். காணாதோ? இல்லாட்டில் என்னை மடிச்சு என்வலப்புக்குள்ளை போட்டு அனுப்பட்டே?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். மறுநாள் திங்கட்கிழமை. பதிவேடு திறந்திருந்தது, அந்த ஆலையின் வரிசையும் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டதைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது. அது சரியானதே. ஆனால் கேட்டதை வைத்து நினைவூட்டல் அனுப்பலாம். அனுமதி கேட்டு ஆலைக்குப் போகலாம். கோட்டையிலிருந்து ஒரு பஸ். குறைந்தபட்சம் அந்தக் கட்டத்தில் பென்சிலால் எழுதலாம். நான் போன மாதத்து எண்ணில் நாலைக் குறைத்து மையால் எழுதினேன். வீட்டுக் கதையைக் கந்தோருக்குள் கொண்டுவராத நேர்மையான அரசாங்க ஊழியன் என்ற எண்ணத்தோடு எழுதினேன். அதுதான் இப்போது நினைக்கக் கூசுகிறது.

அத்தானின் முறை நவம்பரில் வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. அவரையும் அதே மாதிரி, சொல்லி அனுப்புகிறோம், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். இருபத்து நான்கு வருடம் வேலை செய்தவர். பிள்ளைகள் நால்வர், மூத்தவள் அந்த வருடம்தான் சோதனை எழுதியிருந்தாள்.

ஆட்களை அப்படி நிறுத்த முடியாது. நிறுத்துவதென்றால் முன்கூட்டியே தொழில் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கவேண்டும், இல்லாவிட்டால் நிறுத்தப்பட்டவரைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. அத்தானும் நிறுத்தப்பட்ட மற்றவர்களும் சேர்ந்து மனுக்கொடுத்தார்கள். தமிழரும் சிங்களவரும் கொச்சிக்கடைப் பக்கத்து முஸ்லிம்கள் சிலரும் இருந்தார்கள். ஆலை நிர்வாகம் சொன்ன பதில் எளிமையானது. நாங்கள் யாரையும் நிறுத்தவில்லை. சிலர் தாங்களாகவே வராமல் விட்டார்கள், அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களை எடுத்தோம். தொழிலாளர் தொகை எந்த மாதத்திலும் குறையவில்லை.

அப்படியானால் வரவுப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது ஆற்றுவெள்ளத்தில் நனைந்து அழிந்துவிட்டது என்றார்கள். வெள்ளம் உண்மையில் வந்தது. பதிவேடு அதற்குள் இருந்ததா என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. அந்த மாதங்களில் ஆலையில் ஆட்கள் குறைந்தார்களா, இல்லையா? குறைந்தார்கள் என்று காட்டினால் அத்தானுக்கும் மற்றவர்களுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். விசாரணை அதிகாரி எங்கள் கந்தோருக்குக் கடிதம் எழுதினார், சம்பந்தப்பட்ட பதிவேட்டோடு ஒருவரை அனுப்பும்படி. தனியொரு ஆலையின் எண்ணை வெளியே காட்டக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. ஆனால் ஆலை நிர்வாகமே, காட்டுவதில் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். ஆலையிலிருந்து ஒருவர் வந்து பிரதம லிகிதரின் மேசையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனதை நானா பிறகுதான் சொன்னார்.

அனுப்பப்பட்டவன் நான். புத்தகம் என்னுடையதுதானே.

அத்தானுக்கு இதைக் கேட்டதும் பிடிபடாத சந்தோஷம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா இறைச்சிக் கறி வைத்தாள். "எங்கடை ஆளே வாறான், பிறகென்ன" என்று அத்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கச் சொன்னார். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அத்தான், படிவம் வரவில்லை, நான் பொய்யெண் எழுதியிருக்கிறேன் என்று. வாய்வரை வந்தது. கறி நன்றாயிருக்கிறது என்று சொன்னேன்.

விசாரணைக்கு முதல்நாள் பிரதம லிகிதர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சிங்களத்தில், தணிந்த குரலில், தகப்பன்போலத்தான் கதைத்தார்.

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மல்லி. இந்த எண் நிரப்பினது என்று நீ சொன்னால், அடுத்ததாக எது எது நிரப்பினது என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் மையால் எழுதி வைத்திருக்கிறாய். உனக்கே சொல்ல முடியுமா?"

முடியாது. அதுதான் உண்மை. அந்தப் புத்தகத்தில் எந்த எண் ஆலையிலிருந்து வந்தது, எது என் கையிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியாமல் போயிருந்தது.

"உன் சிங்களச் சோதனை இன்னும் பாஸாகவில்லை, இல்லையா?" என்று அவர் எழும்பும்போது கேட்டார். "இந்தமுறை நான் சிபாரிசு எழுதவேண்டும்." அவ்வளவுதான். அந்தச் சோதனையால் எத்தனை தமிழ் ஊழியருக்குச் சம்பள ஏற்றம் நின்றது என்று எங்கள் கந்தோரில் எல்லாருக்கும் தெரியும்.

விசாரணை ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு. வெளி விறாந்தையில் மனுக்கொடுத்தவர்கள் நீள வாங்குப் பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் எழும்பி இடம்விட்டார். இன்னொருவர் ஓடிப்போய் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கிவந்தார். அத்தான் அவர்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் என்னை அறிமுகப்படுத்தினார். "என்ரை மச்சான். எழுத்திலை ஒரு பிழை விடமாட்டான்." நான் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். பதிவேட்டைத் திருப்பி, ஜூன் தொடங்கி டிசெம்பர் வரை, ஆலையின் வரிசையிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார். இரண்டு கூடியது. நாலு குறைந்தது. ஆறு கூடியது. மனுக்கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நிர்வாகத்தின் வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அத்தான் எழும்பினார். சிங்களத்தில்தான் பேசினார், வீட்டில் கதைக்கிற அதே சத்தத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மாத்தயா, அந்தப் படிவத்தை நிரப்புகிற கிளாக்கர்தான் முதல் வெட்டிலேயே போனவர். ஜூனில், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு அடுத்த கிழமை. அவர் போன பிறகு எங்கள் கந்தோர் அறையில் மின்விசிறி போடக்கூட ஆள் இல்லை. படிவம் நிரப்பினது யார்? அனுப்பினது யார்? பதிவேடு கொண்டுவந்தவரிடமே கேளுங்கள்."

எனக்கு அந்தக் கணம்வரை இது தெரியாது. ஜூலையிலிருந்து தாள் வராததற்குத் தபால் காரணமல்ல, முதலாளியின் கள்ளமும் காரணமல்ல. எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுகிறவனைத்தான் முதலில் அனுப்பிவிட்டார்கள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இந்த எண்கள் ஆலையிலிருந்து வந்தவையா?"

கேள்வியில் சுற்றுவழி ஏதும் இல்லை. இல்லை என்ற ஒரு சொல் போதும்.

"அலுவலகப் பதிவின்படி சரியானவை, சேர்" என்றேன்.

"படிவங்கள் இருக்கின்றனவா?"

"கொண்டுவரும்படி கடிதத்தில் கேட்கப்படவில்லை, சேர்."

அவர் ஏதோ எழுதினார். அப்போது அத்தான் சிங்களத்தை விட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"மச்சான், தறி நிண்டுபோச்செண்டு நான் உனக்குச் சொன்னனான் எல்லே? உன்ரை பக்கத்திலை இருந்து சாப்பிட்டுக்கொண்டு சொன்னனான்."

வழக்கறிஞருக்குத் தமிழ் ஓரளவு தெரிந்திருக்கவேண்டும். உடனே எழும்பினார். சாட்சி மனுதாரரின் உறவினரா என்று கேட்டார். ஆம், மனைவியின் தம்பி என்றேன். அவர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "மனுதாரருக்குச் சாதகமாகப் பேசக் காரணம் இருக்கிற ஒருவரே இந்த எண்கள் சரியென்கிறார். இதற்குமேல் நான் என்ன சொல்ல?"

என் பொய் உறவினன் சொன்ன பொய்யாக இருந்தபடியால்தான் இன்னும் பலமாக நின்றது.

வெளியே வந்தபோது எனக்காக யாரும் இடம்விடவில்லை. அத்தான் படியிறங்கிப் போய்விட்டிருந்தார். தேத்தண்ணீர் வாங்கித் தந்தவர் மட்டும் வெறுங் கிளாசைக் கடையில் திருப்பிக் கொடுக்க என் பக்கத்தால் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

தீர்ப்பு தவக்காலம் தொடங்கிய கிழமையில் வந்தது. ஆட்குறைப்பு நடந்ததாகக் கொள்ளச் சான்று இல்லை, மனு தள்ளப்பட்டது. அதே மாதம் எங்கள் காலாண்டுக் குறிப்பும் அச்சாகி வந்தது. அதில் நெசவுத் துறை பற்றிய வசனத்தை வரைந்தவன் நான்: "வேலைவாய்ப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை." என் சிபாரிசும் எழுதப்பட்டது. சோதனையும் பாஸானேன்.

அடுத்த வருடம் ஆலை முழுதாகவே மூடப்பட்டது. கடிதம் வந்ததும் அந்தக் கட்டத்தில் பூச்சியம் எழுதினேன். அதுவரை வரைபடத்தில் கோடு நேராகப் போய், ஒரே மாதத்தில் மலைவிளிம்பிலிருந்து விழுவதுபோல் விழுந்தது. மேலிருந்து மஞ்சள் துண்டு வந்தது, திடீர் வீழ்ச்சிக்கு விளக்கம் தருக என்று. மூன்று மூன்று பேராக, எத்தனையோ மாதம் விழுந்துகொண்டே இருந்ததை அந்தத் துண்டில் எழுத இடமில்லை. "ஆலை மூடப்பட்டது" என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. அவற்றின் தாள்கள் தவறாமல் வந்தன, நேரத்துக்கு, தட்டெழுத்தில். கப்பலேறிய பெட்டிகள் கூடின, ஆட்கள் கூடினார்கள். அத்தான் இரண்டு இடத்தில் போய் வரிசையில் நின்றார். அவர்களுக்கு வேண்டியது இளம் பெண்பிள்ளைகள். அக்காவின் மூத்தவள் சோதனை மறுமொழி நல்லதாக வந்தும் மேலே படிக்காமல் அங்கே தையல் மெஷினில் போய் இருந்தாள். அவளும் என் பதிவேட்டில் ஒரு ஆளாக ஏறினாள். அத்தான் தெமட்டகொடையில் ஒரு களஞ்சியத்தில் காவலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனதை யாரும் அறிவிக்கவில்லை. நான் போகவில்லை, அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. செத்தவீடுகளில் கண்டோம். அக்கா சுகம் கேட்பாள். அத்தான் தலையாட்டுவார்.

ஓய்வுபெற்ற பிறகு, என் கொப்பிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், எனக்கு ஓர் எண்ணம் வந்தது. கந்தோர்ப் பதிவேடு இனி என் கைக்கு எட்டாது. ஆனால் என்னுடைய கொப்பியிலாவது அந்த ஏழு மாதத்துக்கும் சரியான எண்ணை எழுதிவைக்கலாம். தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸேறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கோடு கீறிய கொப்பியும் பேனையும் கொண்டுபோனேன், பென்சிலும்கூட.

அத்தான் முன்னறையில் இருந்தார். மெலிந்திருந்தார், காது அநேகமாகக் கேட்காது. அக்கா நான் சொன்னதை அவர் காதுக்குள் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

"இப்ப ஏனாம்?" என்று கேட்டார் அத்தான்.

"சரியா எழுதி வைக்கவேணும் எண்டு" என்றேன்.

"ஆருக்கு?"

நான் கொப்பியின் முதல் பக்கத்தை விரித்தேன். அக்கா என் கையிலிருந்த பேனையைப் பார்த்தாள். "அதை உள்ளுக்கு வை" என்றாள்.

ஆனால் அத்தான் சொல்லத் தொடங்கினார். எண்ணாக அல்ல. கண்ணை மூடிக்கொண்டு, மேசையில் விரலால் தறி வரிசையைக் காட்டிக்காட்டி, ஆள் ஆளாக. "இதிலை பல்லு உந்தினவன், மட்டக்குளியான். பக்கத்திலை களனியாக்கள் ரெண்டு சகோதரங்கள், ஒரே நேரத்திலைதான் மூத்திரத்துக்கும் போவாங்கள். இதிலை தெமட்டகொடையான், நல்லாப் பாடுவான். இதிலை பெம்பிளை ஒண்டு, புருசன் ஹாபரிலை வேலை..."

நான் ஒவ்வொருவருக்கும் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்ணிடம் வந்தபோது, "அவ போன வரியம் செத்துப்போனா, அவவையும் சேர்க்கிறியளோ?" என்று அக்கா இடையில் அவர் காதுக்குள் கேட்டாள். "அப்ப உயிரோடை நிண்டு தறி ஓட்டினவதானே, அவவையும் போடு" என்றார் அத்தான்.

மூன்றாவது வரிசையின் நடுவில் விரல் நின்றது. பின்னுக்குப் போய் முதல் வரிசையிலிருந்து மறுபடி வந்தார். அதே இடத்தில் மறுபடியும் நின்றது.

"இதிலை நிண்டவன் ஆர்?" என்று அக்காவிடம் கேட்டார். அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஏறக்குறைய எத்தினை எண்டு சொன்னாலும் போதும், அத்தான்" என்றேன். பழக்கம் வாயை விட்டுப் போகவில்லை.

அக்கா அதை அவர் காதில் சொன்னாள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அன்றுதான் நேராகப் பார்த்தார்.

"முந்தியும் நீ ஏறக்குறையத்தானே போட்டனீ" என்றார்.

கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டார். நான் போட்டிருந்த கோடுகளை எண்ணிப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசைக்கு அப்பால் இருந்தவர்கள் யார், எத்தனை பேர் என்று இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது. கொப்பியை மூடிக்கொண்டு எழும்பினேன். இரு என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.